சாவிக்கொத்துக் கருவி மக்கர் பண்ணுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சாவிக்கொத்தில் தொங்கும் குட்டிக் கருவி (கத்தி, கத்தரி, அரம் போன்றவை மடங்கி ஒன்றாக அடங்கியது) படும் பாட்டை மேசை டிராயரில் தூங்கும் பெரிய கருவி படுவதில்லை. வியர்வை, மழை, சில்லறை, பாக்கெட் பஞ்சு, சாவிகளின் உரசல் எல்லாம் அதன் மேல்தான். அதனால் வரும் கோளாறுகள் பெரும்பாலும் தேய்மானமே அல்ல, அழுக்கு. உடைந்துவிட்டது என்று தூக்கிப் போடப்படும் கருவிகளில் பல, வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் கிடந்தாலே உயிர் பெற்றுவிடும்.

கை வைக்குமுன் உங்கள் கருவி எந்த வகை என்று பாருங்கள். முதல் வகை ரிவெட் (இருபுறமும் தலை விரியத் தட்டிய நிரந்தர ஆணி) அடித்தது. விக்டோரினாக்ஸின் 58 மி.மீ. (மூடிய நிலையில் நீளம்) கத்திகள் (கிளாசிக் எஸ்.டி., ராம்ப்ளர், ஜெட்செட்டர் போன்றவை), லெதர்மேன் மைக்ரா ஆகியவை இதில் சேரும். இரண்டாவது வகை ஆறு முனை நட்சத்திரக் குழி உள்ள டார்க்ஸ் ஸ்க்ரூவால் பூட்டியது. குறடு உள்ள லெதர்மேன் ஸ்குவர்ட் பி.எஸ்.4 போன்றவை அப்படி. ரிவெட் வகையில் இறுக்கத்தைக் கூட்டலாம், குறைப்பது கடினம். ஸ்க்ரூ வகையில் இரண்டும் முடியும். இது தெரியாமல் சுத்தியலை எடுக்கக் கூடாது.

வேலையின் வரிசை எப்போதும் இதுதான்: கழுவு, எண்ணெய் விடு, இறுக்கு, கடைசியாக அரம். அரத்தில் போன உலோகம் திரும்பி வராது. இன்னொன்று, கருவியை நீங்களாக அறுத்தாலோ அராவினாலோ தயாரிப்பாளரின் உத்தரவாதம் போய்விடும். எனவே புதுக் கருவியில் பிறவிக் கோளாறு இருந்தால் முதலில் அவர்களிடமே அனுப்புங்கள்.

அலகு திறக்க வரவில்லை, நகம்தான் உடைகிறது

காரணங்கள் மூன்று. அச்சுக்குள் பஞ்சும் அழுக்கும் கெட்டித்திருக்கலாம், எண்ணெய் வறண்டிருக்கலாம், அல்லது பழைய எண்ணெய் பிசினாகியிருக்கலாம். மூன்றுக்கும் சிகிச்சை ஒன்றே.

1. பல்குத்தியையும் முள்வாங்கியையும் கழற்றி வையுங்கள். பேனா, விளக்கு உள்ள மாடல் என்றால் தண்ணீரில் போடாதீர்கள். அவற்றைத் துடைத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.
2. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டு. எல்லா அலகுகளையும் பாதியளவு திறந்து 15 நிமிடம் ஊறவிடுங்கள். கொதிநீர் வேண்டாம், கைப்பிடியின் பிளாஸ்டிக் ஓடு நெளிந்துவிடும்.
3. தண்ணீருக்குள்ளேயே ஒவ்வோர் அலகையும் இருபது முறை திறந்து மூடுங்கள். கறுப்பாகக் கரைந்து வரும். பழைய பல் துலக்கியால் அச்சின் இருபுறமும் தேய்த்து, அலகு உட்காரும் பள்ளத்தின் அடியை மூங்கில் குச்சியால் கிளறுங்கள்.
4. ஓடும் நீரில் அலசி, உதறி, மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரமாவது காயவிடுங்கள். ஈரம் உள்ளே இருக்கும்போது எண்ணெய் விட்டால் துருவை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும்.
5. ஒவ்வோர் அச்சிலும் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. ஊசி முனையில் எடுத்து விட்டால் அளவு தப்பாது. பத்து முறை திறந்து மூடி, கசிந்ததைத் துடைத்துவிடுங்கள். அந்தக் கத்தியால் பழம் நறுக்குகிறீர்கள் என்றால் உணவுக்கு ஏற்ற மினரல் ஆயில் வாங்குங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். குளிரில் உறையும், நாளானால் சிக்கு வாடை அடிக்கும், பஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டபிள்யூ.டி.-40 அழுக்கைக் கரைக்க நல்லது. ஆனால் ஆவியானபின் மிஞ்சுவது மெல்லிய படலம் மட்டுமே என்பதால், அதற்கு மேல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டே ஆக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் இறுக்கம் என்றால், அலகின் அடிப்பகுதியும் அதை அழுத்தும் முதுகு ஸ்பிரிங்கும் உரசும் இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பிசிறோ துருப்புள்ளியோ தெரியும். 1000 எண் உப்புத்தாளைச் சின்னக் கீற்றாக வெட்டி அந்த இடத்தில் நாலு இழுப்பு போதும்.

அலகு சுகமாகத்தான் நகர்கிறது, நகம்தான் வலுவில்லை என்பவர்களுக்கு ஒரு திருத்தம் உண்டு. அலகு மூடியிருக்கும்போது நகக்குழி இருக்கும் பக்கத்து ஓட்டில் 6 மி.மீ. வட்ட அரத்தால் அரைநிலா வடிவில் ஒரு பள்ளம் எடுங்கள். பிறகு நகமே இல்லாமல் இரு விரலால் அலகைக் கிள்ளித் திறக்கலாம். அராவுமுன் அந்த இடத்துக்கு அடியில் முள்வாங்கியின் பள்ளம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அங்கே ஓடு மெல்லியது, உடையும்.

திறந்த அலகு பக்கவாட்டில் ஆடுகிறது

முனையில் அரை மி.மீ. ஆட்டம் சாதாரணம், விட்டுவிடுங்கள். அதற்கு மேல் என்றால்:

ஸ்க்ரூ வகையில் சரியான அளவுள்ள டார்க்ஸ் முனையைக் குழியில் அழுத்தி உட்காரவைத்து, எட்டில் ஒரு சுற்று மட்டும் திருப்புங்கள். திறந்து பாருங்கள். இன்னும் ஆடினால் இன்னோர் எட்டில் ஒரு பங்கு. ஒரே மூச்சில் கால் சுற்று திருப்பினால் இரண்டு அலகுகள் சேர்ந்தே எழும்பும். ஸ்க்ரூ மறுபடி மறுபடி தளர்கிறது என்றால் முழுதும் கழற்றி, இழையில் உள்ள எண்ணெயை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நீல நிற நடுத்தர வலுப் பூட்டுத் திரவத்தை குண்டூசி முனையளவு தடவி இறுக்குங்கள். சிவப்பு நிறத் திரவத்தைத் தொடாதீர்கள். இவ்வளவு சிறிய ஸ்க்ரூவில் அது போட்டால், கழற்றும்போது வாய் சிதையுமே தவிர ஸ்க்ரூ வராது. திரவம் அச்சுக்குள் வழிந்தால் அலகே ஒட்டிக்கொள்ளும்.

ரிவெட் வகையில் வேலை வேறு. விக்டோரினாக்ஸில் பிளாஸ்டிக் ஓடுகளைக் கழற்றினால்தான் பித்தளை ரிவெட்டின் தலை தெரியும். ஒரு பக்கத் தலையைக் கெட்டியான இரும்புப் பரப்பில் நிறுத்தி, மறுபக்கத் தலையைச் சின்னச் சுத்தியலின் உருண்டை முகத்தால் தட்டுங்கள். ஆணி அடிப்பதுபோல் அல்ல, சுத்தியலின் சொந்த எடை விழுந்தால் போதும். இரண்டு தட்டு, ஒரு சோதனை. தட்டுமுன் ஆடும் அலகுக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் இடையில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி வைத்தால், அதிகம் தட்டிவிட்டாலும் காகிதத்தை உருவியபின் அந்தக் கனத்துக்கு இடைவெளி மிஞ்சும்.

வாங்கிய அன்றே எல்லா அலகும் ஆடுகிறது, மூடினால் அலகின் முனை பள்ளத்துக்கு வெளியே நீட்டுகிறது என்றால் போலி என்று சந்தேகப்படலாம். அலகின் அடியில் உள்ள எழுத்து முத்திரையைப் பாருங்கள். அசலில் அது கூர்மையாக, ஆழம் சீராக இருக்கும். இந்த மாதிரிக் கருவியைத் தட்டி இறுக்கிப் பயனில்லை, உலோகமே மென்மை.

கத்தரி வெட்டாமல் காகிதத்தை மடிக்கிறது

சாவிக்கொத்துக் கருவியில் அன்றாடம் உழைப்பது கத்தரிதான். நூல், பால் பாக்கெட் மூலை, மாத்திரை அட்டை, விலைச்சீட்டு எல்லாவற்றுக்கும் அதுதான் முதலில் வரும். கத்தியைவிட இதைக் கவனிப்பதே லாபம்.

முதலில் நோய் எது என்று பிரித்தறியுங்கள். மெல்லிய டிஷ்யூ காகிதத்தை வெட்டும்போதே, இரண்டு வெட்டு முகங்களையும் விரலால் பக்கவாட்டில் ஒன்றோடொன்று சேர்த்து அழுத்துங்கள். இப்போது வெட்டினால் அச்சு தளர்ந்திருக்கிறது, கூர் சரியாகத்தான் உள்ளது. அப்போதும் மடித்தால் மழுங்கல். ஒரே இடத்தில் மட்டும் சிக்கினால் அங்கே வெட்டுமுகம் பல் விழுந்திருக்கிறது. கம்பியோ ஸ்டேப்ளர் பின்னோ வெட்டியதன் அடையாளம் அது. இடது கையால் வெட்டுபவருக்கு மட்டும் மடிகிறது என்றால் கருவியில் குறையே இல்லை. வலது கைக்கென்று அடுக்கிய கத்தரியை இடது கட்டைவிரல் விரித்துத் தள்ளுகிறது. கட்டைவிரலை உள்நோக்கி இழுத்தபடி வெட்டிப் பாருங்கள்.

அச்சுத் தளர்வுக்கு மேலே சொன்ன அதே ரிவெட் தட்டல், ஆனால் பாதி பலத்தில். சரியாக அமைந்ததன் சோதனை: கத்தரியை மூடிவிட்டால் தானாக விரிய வேண்டும், வெட்டுமுகங்களை வெளிச்சத்தில் பிடித்தால் நுனி மட்டும் தொட்டு நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிய வேண்டும். அந்த இடைவெளி பழுதல்ல. நல்ல கத்தரி எல்லாமே அப்படித்தான் லேசாக வளைந்திருக்கும், வெட்டும் புள்ளி அடியிலிருந்து நுனிவரை நகர்ந்து போக அது வேண்டும். அதைச் சுத்தியலால் நிமிர்த்தியவர்கள் கத்தரியையே கெடுத்திருக்கிறார்கள்.

மழுங்கலுக்கு 600 எண் தட்டை வைர அரம். வெளிப்பக்கச் சரிவில் மட்டும், ஏற்கெனவே உள்ள கோணத்திலேயே, அடியிலிருந்து நுனிக்கு ஒரே திசையில் நாலைந்து இழுப்பு. உள்முகத்தைத் தீட்டக் கூடாது. பிசிறு எடுக்க மட்டும் உள்முகத்தைக் கல்லில் முழுத் தட்டையாகப் படுக்கவைத்து ஒரே ஒரு இழுப்பு. அரம் இல்லையென்றால் 400 எண் உப்புத்தாளைப் பத்துப் பன்னிரண்டு கீற்றாக வெட்டுங்கள். முழுத் தீட்டல் ஆகாது, ஆனால் சின்ன மழுங்கல் தெளியும்.

*கத்தரி விரிவதே இல்லை* என்றால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். 58 மி.மீ. விக்டோரினாக்ஸில் அது கத்தரியின் ஒரு கையில் வெட்டிய பள்ளத்தில் செருகிய குட்டித் துண்டு. அதன் முனை மற்றக் கையை உந்துகிறது. முனை பக்கவாட்டில் நழுவியிருந்தால் ஊசியால் தள்ளி இடத்தில் உட்காரவைத்தால் முடிந்தது. உடைந்திருந்தால் மிச்சத்தை மெல்லிய ஆணியால் பள்ளத்திலிருந்து தள்ளி எடுத்து, அதே அளவு மாற்று ஸ்பிரிங் போடுங்கள். தனியாக விற்கிறார்கள். பெரிய 91 மி.மீ. கத்திக்கானது இதில் பொருந்தாது, வாங்கும்போது 58 என்று சொல்லுங்கள். அதுவரை ஊக்கின் கம்பியை நறுக்கி வளைத்துச் செருகினாலும் ஓடும், பள்ளத்தை விடக் கனமான கம்பியாக மட்டும் இருக்கக் கூடாது.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்கள் பழைய வெங்கர் கருவிகளைத் தேடலாம். அவற்றின் கத்தரியில் தனி ஸ்பிரிங் கிடையாது, நெம்புகோல் அமைப்பே விரித்துவிடும். 65 மி.மீ. எஸ்கொயர் அப்படிப்பட்டது. வெங்கரை 2005-ல் விக்டோரினாக்ஸ் வாங்கிவிட்டது. கத்திகளில் அந்தப் பெயர் 2013-க்குப் பிறகு மறைந்ததால், கிடைப்பது பெரும்பாலும் பழைய சரக்காகவோ பிறர் பயன்படுத்தியதாகவோதான் இருக்கும்.

கத்தி வெட்டவில்லை

தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் அந்தச் சக்கரம் சரி. கிளாசிக்கின் அலகு 35 மி.மீ. நீளம்கூட இல்லை, முனை காகிதம்போல் மெல்லியது. சக்கரம் பட்ட இரண்டு நொடியில் முனை நீலம் பாயும். நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் இறங்கிவிட்டது, இனி எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

கையால் தீட்டக் கோணம் ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. டிகிரி அளக்கக் கருவி வேண்டாம். அலகின் அகலம் 8 மி.மீ. என்றால், முதுகு கல்லிலிருந்து 2 முதல் 2.7 மி.மீ. உயரத்தில் இருந்தால் அந்தக் கோணம் வந்துவிடும். கூர்முனையில் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசி இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். கறுப்பு விளிம்பில் மட்டும் மிஞ்சினால் முதுகை உயர்த்துங்கள், மேலே மட்டும் மிஞ்சினால் தாழ்த்துங்கள்.

600 எண் கல்லில் ஒரு பக்கம் பத்து இழுப்பு. மறுபக்கத்தில் விரல் நகத்தை வைத்தால் பிசிறு தட்டுப்படும். அது நுனிவரை வந்தபின்தான் பக்கம் மாற்ற வேண்டும். பிறகு 1000 எண்ணில் பக்கத்துக்கு ஐந்து, மாற்றி மாற்றி. கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டின் உள்முகத்தில் கூர் பின்னால் வரும்படி இருபது இழுப்பு. கல் கைவசம் இல்லாத இடத்தில் பீங்கான் கோப்பையின் அடியில் மெருகு ஏறாத வட்டம் இருக்கிறதே, அது நல்ல மென்கல்.

விக்டோரினாக்ஸ் தன் அலகுகளை ராக்வெல் என்ற கடினத்தன்மை அளவுகோலில் 56 அளவுக்குத்தான் கடினப்படுத்துகிறது. சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் தீட்டவும் வரும். மாதம் ஒரு முறை தோலில் இழுத்தால் கல்லுக்கே போக வேண்டாம்.

முனை முறிந்துவிட்டால் கூர்ப் பக்கத்தை அராவி முனை எடுக்காதீர்கள். முதுகுப் பக்கத்தை அராவிக் கீழே கொண்டுவந்து கூருடன் சேருங்கள். அப்போதுதான் மூடும்போது புது முனை பள்ளத்துக்குள் அடங்கும்.

முள்வாங்கியோ பல்குத்தியோ தானே கழன்று விழுகிறது

முள்வாங்கி என்றால் அதன் இரு கால்களையும் வெளியே எடுத்து லேசாக விரித்துச் செருகுங்கள். உள்ளே போய் விரியும் அழுத்தமே பிடித்துக்கொள்ளும். பல்குத்திக்கு மெழுகுவர்த்தியில் இரண்டு முறை உரசிச் செருகினால் போதும். நகப்பூச்சு தடவுகிறவர்களும் உண்டு. அதன் கரைப்பான் ஓட்டின் பிளாஸ்டிக்கைத் தின்னும், ஆகவே பூசியபின் ஓர் இரவு வெளியிலேயே காயவிட்டுத்தான் செருக வேண்டும். தொலைந்திருந்தால் இரண்டும் தனித்தனியே கிடைக்கும். அளவு இரண்டுதான், 58 மி.மீ.க்குச் சிறியது.

பல்குத்தி பயன்படுத்தாதவர்கள் அந்தத் துளைக்கு அளவான தீப்பொறிக் கம்பி போடுகிறார்கள். முகாம் போகிறவருக்குச் சரி. மற்றபடி அந்த இடத்துக்கு ஒரு தையல் ஊசி அதிகம் உதவும். முனையைப் பல்குத்தித் துண்டில் செருகி ஒட்டிவிட்டால் உள்ளேயும் நிற்கும், சிம் தட்டைத் தள்ளவும் ஆகும்.

பிளாஸ்டிக் ஓடு விரிசல், மங்கல், பிசுபிசுப்பு

இந்த ஓடு செல்லுலோஸ் வகைப் பிளாஸ்டிக். நகப்பூச்சு நீக்கி, தின்னர், டீட் கலந்த கொசு விரட்டி மூன்றும் அதற்கு எமன். தொட்ட கையோடு எடுத்தாலே மேற்பரப்பு மங்கும். மங்கலுக்கு 1500, பிறகு 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, வெண்மைப் பற்பசையால் துணியில் மெருகேற்றினால் பளபளப்பு திரும்பும்.

மாற்றுவது கடினமல்ல. ஓடு ரிவெட் தலைகளில் கவ்விக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கருவியை வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் வைத்து, முள்வாங்கி துளை வழியாக இல்லாமல் பக்க விளிம்பில் மெல்லிய வெண்ணெய்க் கத்தியைச் செருகி, ரிவெட்டுக்கு மிக அருகில் நெம்புங்கள். நடுவில் நெம்பினால் இரண்டாக உடையும். புது ஓட்டைத் தலைகளுக்கு நேராக வைத்து, துணி சுற்றிய கட்டைவிரலால் ஒவ்வொரு தலை மேலும் அழுத்துங்கள். டக்கென்று சத்தம் கேட்கும். பிடிப்புத் தளர்ந்த பழைய ஓட்டுக்கு அரால்டைட் மிகச் சிறு புள்ளி. ஃபெவிக்விக் வேண்டாம். வெள்ளைப் பூ பூக்கும், கெட்டியாகிப் பொருக்குவிடும், வழிந்தால் அலகைப் பிடிக்கும்.

ஆரஞ்சுப் புள்ளிகள்

துருப்பிடிக்காத எஃகு என்பது துரு மெல்லப் பிடிக்கும் எஃகு என்றே கொள்ளுங்கள். வியர்வையிலும் கடற்காற்றிலும் உள்ள உப்பு அதைக் குத்தித் துளைக்கும். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் என்று வைத்துக்கொள்வது நல்லது.

மேலோட்டப் புள்ளிக்கு சமையல் சோடாவைக் குழைத்துப் பல் துலக்கியால் தேயுங்கள். போகாவிட்டால் பள்ளி மாணவர் வைத்திருக்கும் மை அழிக்கும் கரடுமுரடான ரப்பர். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை மட்டும் எடுக்காதீர்கள். அதன் துகள் மேற்பரப்பில் ஒட்டி அதுவே புதுத் துருவாகும். குழி விழுந்திருந்தால் குழியை எடுக்க முயலாமல், துருவை மட்டும் எடுத்து எண்ணெய் தடவி நிறுத்துங்கள்.

குறடு: வாய் பொருந்தவில்லை, வெட்டும் இடம் நெளிந்துவிட்டது

சாவிக்கொத்துக் குறட்டால் கொண்டை ஊசி, கிடார் தந்தி, சைக்கிள் கேபிள் எதையும் வெட்டக் கூடாது. அதன் எஃகைவிட அவை கடினம். மென்மையான செம்புக் கம்பி, பிளாஸ்டிக் டேக் இவ்வளவுதான் அதன் வேலை. நெளிந்த வெட்டுவாயை மெல்லிய வைர அரத்தால் சமன் செய்யலாம். ஆனால் எடுக்க எடுக்க வாய் முழுதும் மூடாமல் இடைவெளி விழும்.

வாயின் நுனி இடமும் வலமுமாகத் தப்புகிறது என்றால், நட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் முறுக்கியிருக்கிறீர்கள். அச்சை இறுக்கிப் பாருங்கள். சரியாகாவிட்டால் வாயை மூடிப் பிடித்துப் பக்கங்களை அரத்தால் சமன்படுத்துவது ஒன்றே வழி, அது அழகுக்குத்தான். குறடு தானாக விரியாமல் போனால் கைப்பிடிகளுக்கு நடுவே உள்ள ஸ்பிரிங் நழுவியிருக்கும் அல்லது அழுக்கில் மாட்டியிருக்கும். கழுவினால் பெரும்பாலும் சரியாகும்.

ஸ்க்ரூடிரைவர் முனை வழுக்குகிறது

கிளாசிக் எஸ்.டி.யில் நக அரத்தின் நுனிதான் 2.5 மி.மீ. தட்டை ஸ்க்ரூடிரைவர். வழுக்கக் காரணம் மூலைகள் உருண்டு போனது. முனையைக் கல்லில் செங்குத்தாக நிறுத்தித் தேய்த்து மட்டமாக்குங்கள், மூலை கூராக வர வேண்டும். இரண்டு முகங்களையும் இணையாகவே வையுங்கள். ஆப்புபோல் சரித்தால் திருப்பும் விசையே முனையை வெளியே தள்ளிவிடும். மூக்குக் கண்ணாடி ஸ்க்ரூவுக்காக இந்த முனையைச் சிறிதாக்கினால் மற்ற எதற்கும் உதவாமல் போகும், அதற்கு மலிவான குட்டி ஸ்க்ரூடிரைவர் தனியாக இருக்கட்டும். கூட்டல் குறி வடிவத் தலை (பிலிப்ஸ்) ஸ்க்ரூ அடிக்கடி வரும் என்றால் திருத்தாதீர்கள், ராம்ப்ளர் வாங்குங்கள். பாட்டில் திறப்பான் நுனியிலேயே காந்தம் ஏற்றிய பிலிப்ஸ் முனை இருக்கிறது.

பாக்கெட் கிழிகிறது, தொடையில் குத்துகிறது, வண்டிச் சாவி ஆடுகிறது

கருவியில் குறை இல்லை, தேர்வில்தான் குறை. எடைகளைப் பாருங்கள்: கிளாசிக் சுமார் 21 கிராம், ராம்ப்ளர் சுமார் 31, மைக்ரா 51, ஸ்குவர்ட் பி.எஸ்.4 56, கெர்பர் டைம் (இதுவும் குறடு வகை) 62. குறடு வேண்டும் என்று முடிவெடுத்தால் எடை இரட்டிப்பாகும், மூன்று மடங்குகூட ஆகும். ஒரு மாதத்தில் எத்தனை முறை குறடு தேவைப்பட்டது என்று யோசித்தால் பலருக்கு விடை சைபர்தான். குறடு வேண்டுபவர் அதைப் பையில் வைத்துக்கொண்டு, சாவியோடு கத்தரி வகையைப் போட்டுக்கொள்வதே மேல்.

ஓட்டும் வண்டியின் சாவியில் கருவியைத் தொங்கவிடாதீர்கள். குலுங்கக் குலுங்க இழுத்து சாவித் துளையைத் தேய்க்கும், டேங்கையும் கீறும். 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் லட்சக்கணக்கான கார்களைத் திரும்பப் பெற்றபோது, பழுதான இக்னிஷன் சுவிட்சைக் கனமான சாவிக்கொத்து இழுத்தே அணைத்துவிடும் என்பதால், பழுது பார்க்கும்வரை வெறும் சாவியை மட்டும் போட்டு ஓட்டச் சொன்னார்கள். உங்கள் வண்டியில் அந்தப் பழுது இல்லாமல் இருக்கலாம், இழுப்பு அதேதான்.

வழி: கருவிக்கு 10 அல்லது 12 மி.மீ. சிறு வளையம், அதை ஒரு கழுத்து திரும்பும் கொக்கியில் மாட்டி, கொக்கியைப் பெரிய வளையத்தில் போடுங்கள். ஒரு கையால் கழற்றலாம். காந்தக் கொக்கி வேண்டாம், பஸ்ஸில் இடிபட்டால் கருவி கீழே. அலுமினியக் கொக்கியை எஃகு வளையம் அறுத்துக்கொண்டே வரும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பள்ளத்தைப் பாருங்கள். வளையத்தைப் பிரிக்க நகத்தையோ கத்தி முனையையோ பயன்படுத்தாமல், ஸ்டேப்ளர் பின் எடுப்பானின் பல்லைச் செருகுங்கள்.

அலகு பாக்கெட்டுக்குள் தானே திறக்கிறது அல்லது சத்தம் போடுகிறது என்றால் பழைய சைக்கிள் டியூபிலிருந்து 6 மி.மீ. அகலத்தில் ஒரு வளையம் வெட்டிக் கருவியின் இடுப்பில் மாட்டுங்கள். கருவியைவிட டியூப் அகலமாக இருந்தால் மெல்லிய ரேஸ் சைக்கிள் டியூப் கேளுங்கள். ஆனால் திறப்பது புதிதாக ஆரம்பித்த பழக்கம் என்றால் முதலில் பள்ளத்தின் அடியைப் பாருங்கள், அழுக்கு அலகை முழுதாக உட்காரவிடாமல் தூக்கிப் பிடித்திருக்கும்.

சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்கிறார்கள்

இந்திய ஆயுத விதிகளில் உரிமம் கேட்கும் கத்தி என்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு. 58 மி.மீ. கருவி அதன் பக்கத்திலேயே வராது. ஆனால் விமானக் கைப்பையில் கத்திக்கு இடம் கிடையாது, அளவு பார்க்க மாட்டார்கள். நீதிமன்றம், தேர்வுக்கூடம், சில அலுவலகங்களும் அப்படியே. அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2013-ல் விமானத்தில் சிறு கத்திகளை அனுமதிக்கத் திட்டமிட்டு, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டது.

கத்தி அலகே இல்லாத கருவிகள் உண்டு. விக்டோரினாக்ஸ் ஜெட்செட்டரில் கத்தரி, பாட்டில் திறப்பான், காந்தப் பிலிப்ஸ் முனை உண்டு, கத்தி இல்லை. லெதர்மேன் ஸ்டைல் பி.எஸ். குறடும் கத்தரியும் கொண்டது, அதிலும் கத்தி இல்லை. ஆனாலும் கடைசிச் சொல் சோதிக்கும் காவலருடையது. கொக்கி வைத்து எளிதில் கழற்றும்படி அமைத்திருந்தால், புறப்படும்போதே கழற்றி, ஏற்றி அனுப்பும் பெட்டிக்குள் போட்டுவிடலாம்.

வேண்டிய அலகு இதில் இல்லை

கிளாசிக்கின் நக அரத்தை எடுத்துவிட்டு வேறு அலகைப் போட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் ஒருநாள் வரும். முடியும். ஆனால் கருவியைப் பிணப் பரிசோதனைக்கு அனுப்புவதுபோல் முழுதும் பிரிக்க வேண்டும், அதனால் பழுதான இரண்டாவது கருவியில் முதலில் பழகுங்கள்.

ஓடுகளைக் கழற்றி, ஒரு பக்க ரிவெட் தலைகளை அரத்தால் மட்டமாக்கி, அதைவிடச் சற்றுச் சிறிய ஆணியால் தட்டித் தள்ளுங்கள். தள்ளும்போதே அந்த இடத்தில் மாற்று ஆணி ஒன்று உள்ளே நுழையட்டும், இல்லாவிட்டால் முதுகு ஸ்பிரிங் தகடுகளைச் சிதறடிக்கும். ஒவ்வோர் அடுக்கையும் எடுத்த வரிசையிலேயே படம் பிடித்து வையுங்கள். அடுக்கைப் பிரிக்கும் மெல்லிய தகடுகள் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் திருப்பிப் போட்டால் அலகு மூடாது. பழைய ரிவெட்டைக் கேலிப்பரில் அளந்து அதே கனப் பித்தளைக் கம்பி வாங்குங்கள். இருபுறமும் கம்பியின் விட்டத்தில் பாதியளவு நீட்டும்படி அறுத்து, முதலில் எல்லா அச்சையும் லேசாகத் தட்டி நிறுத்தி, அலகுகள் ஓடுகின்றனவா என்று பார்த்தபின் தலை விரியத் தட்டுங்கள். ஒரே அச்சை முதலில் முழுதாக முடித்தால் மற்றதில் துளைகள் நேராக நிற்காது. புதுத் தலை பழையதைவிடப் பருத்திருந்தால் ஓடு கவ்வாது. மேலே சொன்ன அரால்டைட் அப்போது தேவைப்படும்.